இன்னும் ஒன்றைக் குறைக்கலாம்

"இதுக்கு மேல எதைக் குறைக்கிறது டீச்சர்?"

ஆவுடையப்பன் பட்டியலை மேஜைமேல் வைத்தார். உதிரிபாகங்களையும் விலையையும் மூன்றாவது முறையாக எழுதிய பட்டியல்.

ஷமீனா நிமிரவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன விசிறியின் தூசியைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தொன்று. வேலை பார்த்த நூற்பு மில்லை மூடிய பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ளலாமென்று, திருநெல்வேலி ஜங்ஷனில் மாடியில் இருந்த அவள் கடைக்கு வந்தவர். எட்டு மாதம் ஆகிறது. முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அண்ணாச்சி என்றாள். வேலையைத் தாண்டி இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

மேஜைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருதயராஜுடையது. பாளையங்கோட்டைக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதால் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் கம்ப்யூட்டர் அவர் காதில் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துப் பெட்டி. அவர் அடுத்த வார்த்தைக்குப் போன பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் வேகம் கூடாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பழைய மதர்போர்டில் புது ப்ராசஸர் உட்காராது. மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றினால் பழைய ராம் மெமரியும் அதில் சேராது. இருதயராஜ் கையில் இருந்த பணமோ கொஞ்சம்.

"இன்னும் ஒண்ணைக் குறைக்கலாம்" என்றாள் ஷமீனா.

"ராமைக் குறைச்சா மறுபடியும் நொண்டும்."

"ஆமா."

"பவர் சப்ளையில கை வச்சா, என்னைக்காவது மொத்தத்தையும் சேர்த்து எரிச்சிரும்."

"அதுல கை வைக்கக் கூடாது."

"கேபினெட் பழசு. போர்டு செகண்ட் ஹேண்ட். பிறகு என்ன இருக்கு டீச்சர், குறைக்க?"

அவள் பேனாவை எடுத்தாள். ப்ராசஸர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். பட்டியலைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவருக்குப் புரிந்தது. அதே ப்ராசஸர்தான். திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி மட்டும் இல்லாத வகை, அதனால் விலை குறைவு. ஆனால் அதைப் போட்டால் தனியாக ஒரு டிஸ்ப்ளே கார்டு செருக வேண்டுமே.

"கார்டு?"

"எங்கிட்ட ஒண்ணு கிடக்கு."

சொந்தக் கையிலிருந்து போடுகிறாள். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னார்.

புதன்கிழமை, முதல் முறையாக, ப்ராசஸரைப் பொருத்தும்படி அவரிடமே சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். அவள் கார்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. பேசுகிற மென்பொருளை அவள் ஏற்றி முடிக்கிறவரை, சாப்பிடக்கூடப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை பதினோரு மணிக்கு இருதயராஜ் கைத்தடியோடு படியேறி வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

ஷமீனா பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினாள். டிஸ்ப்ளே கார்டை உருவினாள். தன் டிராயரில் போட்டு மூடினாள்.

"டீச்சர்."

அவள் தகட்டை மாட்டினாள்.

"டீச்சர், கார்டு."

சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் வந்தது. கடை மானிட்டர், சிக்னல் இல்லை என்று ஒரு முறை காட்டிவிட்டுக் கறுத்துப்போனது.

ஆவுடையப்பன் மூடிய டிராயரைப் பார்த்தார்.

மில்லில் அவர் பார்க்காத திருட்டு இல்லை. இரும்பு போயிருக்கிறது, நூல் போயிருக்கிறது. ஆனால் கண் தெரியாத ஒரு மனுஷனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எட்டு மாதமாக அவர் தொழில் கற்றார்.

இருதயராஜ் ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டினார். கீபோர்டில் கை வைத்தார். தட்டத் தொடங்கினார். முன்னால் இருந்த திரை கறுப்பாகவே கிடந்தது. அந்த விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்க்க ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை.

"நான் அவர்கிட்ட சொல்லிருவேன் டீச்சர்" என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

அவள் சொன்ன விதத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

ஆவுடையப்பன் போய் இருதயராஜின் தோளைத் தொட்டார். விரல்கள் நின்றன. இருதயராஜ் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார்.

"தம்பி, உங்க பெட்டியிலேருந்து டீச்சர் ஒரு சாமானை எடுத்துட்டாங்க. இப்பத்தான், என் கண்ணு முன்னாலதான். படம் காட்டுற கார்டு. அது இல்லாம ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. கறுப்பாக் கிடக்கு தம்பி. ஒண்ணுமே தெரியலை."

இனி இந்தப் படியேற முடியாது என்று தெரிந்தேதான் சொன்னார்.

இருதயராஜ் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். ஒரு கீயைத் தட்டினார். விலக்கிய ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய குரல், அவர் அதுவரை அடித்ததை எங்கும் தயங்காமல் கடகடவென்று வாசித்தது.

"யாருக்குத் தெரியலை அண்ணாச்சி?" என்றார்.