இடது கண்ணில் ஒரு கறுப்பு

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடனுக்கு நாற்பத்தேழு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

குருவின் பெயர் ஜெபக்கனி. கம்பெனிக்காரர்களே கைவிட்டுவிட்ட பழைய கம்ப்யூட்டர் தென்காசிப் பக்கம் எங்கே படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சீடன் மாசானமுத்து. இருபது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவர். கடையை மூடிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்து எட்டு மாசம். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். திட்டும்போதும் அண்ணாச்சிதான்.

அன்றைக்கு இருவரும் நின்றது ஒரு கண் ஆஸ்பத்திரியின் பின்னறையில். பார்வை எவ்வளவு தூரம் விரிகிறது என்று அளக்கிற பழைய இயந்திரம் அங்கே இருந்தது. முகவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கறுப்புத் திரையின் நடுவில் இருக்கும் சிவப்புப் பொட்டையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அந்த இடத்தில் பார்வை இல்லை என்று ரிப்போர்ட்டில் கறுப்பாகக் குறித்துக்கொள்ளும். முதலில் வலது கண், அப்புறம் இடது. எப்போதும் அப்படித்தான்.

இந்த வாரம் மட்டும் மூன்று தடவை திரை உறைந்துவிட்டது. ரிப்போர்ட் அச்சாகி வரும், ஆனால் திரை கறுப்பாகவே நிற்கும். நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும்.

"சும்மா ஒரு தொந்தரவு சார். வேற ஒண்ணுமில்ல" என்றாள் டெக்னீஷியன் இந்திரா.

வெளியே பெஞ்சில் பஸ் டிரைவர் பூல்பாண்டி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை. எழுந்தார், நடந்தார், எட்டிப் பார்த்தார். போன மாதம் அவருக்கு இடது கண்ணில் பெரிய கறுப்பு என்று ரிப்போர்ட் வந்தது. திங்கட்கிழமை மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் கறுப்பு. டெப்போவில் ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நல்ல ரிப்போர்ட் கொண்டுபோகாவிட்டால் இனி எப்போதுமே தொட முடியாது.

"எனக்குக் கண்ணு தெரியுதும்மா. புள்ளியே வரலம்மா" என்று இரண்டு தடவையும் கத்தியிருக்கிறார்.

"தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் இந்திரா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் சொல்வார்கள்.

மணி இரண்டே முக்கால்.

"சரியாயிட்டு மாஸ்டர்!" என்றார் மாசானமுத்து. முகமெல்லாம் வியர்வை. "முழுசா ஓட விட்டேன். நிக்கவே இல்ல."

"எதனால சரியாச்சு?"

"படம் அனுப்புத கார்டைக் கழட்டி, அதோட பித்தளைக் காலை ரப்பர் போட்டுத் தேச்சேன். பவர் சப்ளை மாத்துனேன். மெமரி மாத்துனேன். கார்டோட வேகத்தக் கொறச்சேன். பெட்டியோட பக்க மூடியத் திறந்து வச்சேன்."

"அஞ்சு வேலை."

"ஆமா."

"அஞ்சுல எது?"

"எதுவா இருந்தா என்ன மாஸ்டர்? ஓடுதுல்லா?"

ஜெபக்கனி ஸ்குரு டிரைவரை எடுத்தாள். புதுப் பவர் சப்ளையைக் கழற்றிப் பழையதை மாட்டினாள்.

"மாஸ்டர்... என்ன பண்ணுதீங்க?"

பழைய மெமரியை மாட்டினாள். வேகத்தைப் பழையபடி கூட்டினாள்.

"அந்த மனுசன் வெளியே உசுரக் கையில புடிச்சிட்டு இருக்காரு. ஓடுதத ஏன் கெடுக்கீங்க?"

பக்க மூடியை மாட்டி நாலு ஸ்குருவையும் இறுக்கினாள்.

"ரப்பர் போட்டுத் தேச்சத மட்டும் திரும்ப அழுக்காக்க முடியாது. அது போகட்டும். உட்காருங்க அண்ணாச்சி."

"எங்க?"

"அங்கன. முகவாயை வைங்க. வலது கண்ணுல ஆரம்பிக்கலாம்."

கதவைத் திறந்து பூல்பாண்டி தலையை நீட்டினார். "முடிஞ்சாம்மா?"

"இல்ல."

"மணி மூணே காலாயிட்டு."

"தெரியும். வெளியே இருங்க."

மாசானமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாசத்தில் முதல் தடவையாக, இந்தப் பொம்பளைக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே முகவாயை வைத்தார். வேறு என்ன செய்ய?

வலது கண் சுலபமாகப் போனது. புள்ளி, அமுக்கு. புள்ளி, அமுக்கு. இந்திரா கண் மறைப்பை மாற்றிக் கட்டினாள். இடது கண். புள்ளி, அமுக்கு. புள்ளி, அமுக்கு.

அப்புறம் புள்ளி வரவில்லை.

காத்திருந்தார். சிவப்புப் பொட்டு மட்டும் அசையாமல் நின்றது. ஒன்றை விட்டுவிட்டோமோ? கண்ணைச் சிமிட்டினார். இடது ஓரத்தில் ஏதோ மின்னியது போல் இருந்தது. அமுக்கினார். உண்மையில் எதுவும் மின்னவில்லை, அது அவருக்கே தெரியும். இருபது வருஷம் ஈயம் பற்றவைக்கும் புகைக்குள் குனிந்து கிடந்த கண் அது. அவர் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போனது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை.

பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது.

இந்திரா தாளை எடுத்தாள். பார்த்தாள். ஜெபக்கனியிடம் நீட்டினாள். ஜெபக்கனி அதை மாசானமுத்துவின் மடியில் போட்டாள்.

வலது கண் சுத்தம். இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு.

"மாஸ்டர்" என்றார். "எனக்கு... இந்தக் கண்ணு..."

ஜெபக்கனி கீபோர்டில் ஓரத்தில் இருந்த 'Num Lock' பட்டனைத் தட்டினாள். குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினாள். அணைந்தது. திரையில் மட்டும் அதே சிவப்புப் பொட்டு, அதே கறுப்பு.

"கம்ப்யூட்டருக்கு உசுரு இருக்கு அண்ணாச்சி. அது பாட்டுக்குப் புள்ளி வச்சேன், வச்சேன்னு எழுதிக்கிட்டே இருக்கு. படம்தான் வெளியே வரல."

மாசானமுத்து தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். புள்ளி இல்லாமல் காத்திருக்கும் திரையும் உறைந்துபோன திரையும் பார்க்க ஒன்றாகத்தான் இருந்தன.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க. மணி பாத்துக்கிட்டே இருந்தேன், பதினாலாவது நிமிஷத்துல நின்னுச்சு." அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

மூடியைத் திறந்து கார்டின்மேல் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. அதன்மேல் இருந்த சின்ன விசிறி பஞ்சும் தூசியுமாக இறுகிக் கிடந்தது. விரலால் சுற்றினால்கூடச் சுற்றவில்லை. வலது கண் முடிந்து இடது கண் நடக்கும்போதுதான் கார்டு இவ்வளவு சூடேறி நிற்கும். மூடி திறந்திருந்ததால்தான் மத்தியானம் அது சூடாகாமல் தப்பித்திருக்கிறது. இந்த இயந்திரத்துக்கு வேறு கார்டு ஒத்துக்கொள்ளாது. பையைக் குடைந்து வேறொரு விசிறியை எடுத்து மாட்டினாள். அது ஒன்றை மட்டும். மூடியை மாட்டி இறுக்கினாள்.

"அவரைக் கூப்பிடுங்க."

பூல்பாண்டி உட்கார்ந்தார். மணி மூன்று ஐம்பது.

"அண்ணாச்சி, நீங்க பின்னாடி நின்னு திரையையே பாருங்க. ஒவ்வொரு புள்ளியும் வருதான்னு பாக்கணும். கண்ணை எடுக்கக் கூடாது."

மாசானமுத்து எடுக்கவில்லை. பதினொன்றாவது நிமிஷம் கண் மறைப்பு மாறியது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புள்ளி. டிரைவரின் கட்டைவிரல் அமுக்கியது. புள்ளி. அமுக்கியது. பதினைந்து. பதினாறு. கடைசி வரை வந்தது.

இரண்டு கண்ணும் சுத்தம்.

டாக்டர் கையெழுத்துப் போட்டபோது மணி நாலு இருபது. பூல்பாண்டி தாளை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்லவில்லை. "அன்னைக்கே சொன்னேன்லா? சொன்னேன்லா?" என்று இந்திராவைப் பார்த்துக் கத்திவிட்டு, அழுதுகொண்டே டெப்போவுக்கு ஓடினார்.

இந்திரா சுவரோரமாக நின்றாள். ஜெபக்கனி அவளிடம் நோயாளிகள் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். திறந்து மேசைமேல் வைத்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், அதற்கு முந்தின பக்கம். விரல் இடது கண் முடிவு எழுதிய பத்தியில் மட்டும் மேலிருந்து கீழே இறங்கியது.

மாசானமுத்துவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன். நான் மூடியத் திறந்து வச்சப்பவே சரியாயிட்டு. அப்படியே விட்டிருந்தா அவரு மூணேகாலுக்கே நல்ல ரிப்போர்ட்டோட போயிருப்பாரு. கொஞ்சம் தப்பியிருந்தா அவரு வேலையே போயிருக்கும். எதுக்கு அவரப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?"

ஜெபக்கனி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அவரு சண்டை போட்டாரு அண்ணாச்சி. சண்டை போடாம, இடது கண்ணு போயிட்டுன்னு நம்பி வீட்டுக்குப் போனவங்க இதுல எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்லுங்க."