பொய்யாகக் கத்தும் கார்

தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் ஒரே ஒரு கார். அதற்கு ஒரே ஒரு டிரைவர், வெள்ளைப்பாண்டி அண்ணாச்சி. அம்மாவைவிட வயதில் மூத்தவர் என்பதால் அம்மாவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவர் அம்மாவின் சீடர்.

ஆசிரமத்துக்கு வந்த நாளில் அவரால் நேராக நிற்க முடியவில்லை. அவ்வளவு குடி. தெளிந்த பிறகு அம்மாவின் காலில் விழுந்தார்.

"தினம் காலையில என்னைக் கேளுங்கம்மா. நாலு பேர் முன்னால கேளுங்க. வெக்கத்துலயாவது விட்டுத் தொலைக்கேன்."

அம்மா ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அன்றிலிருந்து சாவியைக் கொடுக்கும் முன்னால் ஒரு கேள்வி.

"அண்ணாச்சி, நேத்து குடிச்சியளா?"

"இல்லம்மா."

சாவி கைமாறும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அம்மா கேட்பார். வெளியூர் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தாலும் கேட்பார். வருஷங்கள் ஓடின. அண்ணாச்சி குடிப் பக்கமே திரும்பவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த அவருடைய மகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

அன்று அந்த மகளுக்கு வரன் பேச, சங்கரன்கோவிலில் இருந்து ஆட்கள் ஆசிரமத்துக்கே வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அம்மாவின் பேச்சு என்றால் உயிர். அன்றைக்குத் திருநெல்வேலியில் அம்மா பேசுகிறார், அதையும் கேட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவோம் என்றார். எல்லாம் கூடி வந்தது. அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு களை.

புறப்படும் நேரம். அம்மா சாவியோடு வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, நேத்து குடிச்சியளா?"

மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

"நாங்க போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாள் கேட்காவிட்டால் வானமா இடிந்து விழுந்துவிடும்?

கார் கிளம்பியது. அம்மா முன்சீட்டில், நான் பின்னால். அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து வண்டி கத்தியது.

டிங், டிங், டிங்.

அந்தக் காருக்கு அது ஒரு வியாதி. டிரைவர் சீட் பெல்ட் போட்டிருந்தாலும் போடவில்லை என்று கத்தும். பெல்ட்டின் இரும்பு நாக்கு தேய்ந்துபோய் உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தவில்லையாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தடவை கத்தும். நம் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

ஆலங்குளம் தாண்டியதும் அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டினார். பெல்ட்டைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தார். பட்டை இல்லாமல் வெறும் இரும்பு நாக்கு மட்டும். அதைப் பூட்டில் குத்தினார். சத்தம் நின்றது.

"இது என்ன அண்ணாச்சி?"

"கிளிப்பும்மா. இதைக் குத்திட்டா கத்தாது."

"அப்ப பெல்ட்?"

"அது சும்மா தொங்கும். போலீசைக் கண்டா நெஞ்சு மேல இழுத்துப் போட்டுக்கிடலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"வண்டி இப்ப என்ன நினைச்சுக்கிட்டு இருக்கும்?"

"நான் பெல்ட் போட்டிருக்கேன்னு நினைக்கும்."

"பாவம் வண்டி" என்று அம்மா சிரித்தார். "அது கத்துனா கத்திட்டுப் போகட்டும். எடுத்திருங்க அண்ணாச்சி."

கிளிப் வெளியே வந்தது. பெல்ட் உள்ளே போனது. அடுத்த பள்ளத்தில் டிங், டிங்.

அம்மா குனிந்து அண்ணாச்சியின் பெல்ட் பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கு."

மறுபடி கத்தியது. மறுபடி இழுத்துப் பார்த்தார். "சரியா இருக்கு." வழியெல்லாம் இதே கதை. குழந்தை அழுதால் தூளியை எட்டிப் பார்க்கிற தாய்க்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

"அம்மா, அது பொய்யாத்தான் கத்துது."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சும் என்னத்துக்குப் பாக்கிய?"

"கூப்பிடுதுல்லா."

அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டார்.

"இன்னையோட சரிம்மா. உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டுச் சாவியைக் கொடுத்திருதேன். நாளைக்கு நான் வரல."

அம்மா அவரைப் பார்த்தார்.

"நான் குடிக்கல. எத்தனையோ வருஷமாக் குடிக்கல. உங்களுக்குத் தெரியும்லா?"

"நல்லாத் தெரியும்."

"பொறவு ஏன்மா கேக்கிய? எம் மகளைப் பேச வந்தவிய முன்னால..."



"நீங்கதானே கேக்கச் சொன்னிய" என்றார் அம்மா.

"சொன்னேன். இல்லங்கல. இப்ப வலிக்கும்மா."

  அம்மா அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வலிக்கத்தான் செய்யும்" என்றார். "இத்தனை வருஷமா நீங்க ஒருத்தர் மட்டும் பதில் சொல்லிக்கிட்டு நிக்கிய. நான் அதை யோசிக்கல. தப்பு என் மேலதான்."

அண்ணாச்சி பதறிப்போனார். "ஐயோ, என்னம்மா நீங்க..."

"இனிமே நீங்களும் என்னைக் கேளுங்க."

"உங்களை நான் என்னத்தைம்மா கேக்க?"

"உங்களுக்குக் குடி மாதிரி எனக்குத் தலைக்கனம். விட்டுட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். அதைக் கேளுங்க. நாலு பேர் முன்னால கேளுங்க."

அண்ணாச்சி வண்டியை எடுத்தார்.

திருநெல்வேலி மண்டபத்தில் நாயனம், மேளம், பூத்தூவல். வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு அம்மாவின் படம். விழாக் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து, இந்த நூற்றாண்டின் ஞான சூரியன் என்றார், அன்பின் கடல் என்றார், விட்டால் நவக்கிரகத்தையும் சொல்லி முடித்திருப்பார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. முன்வரிசையில் அந்த மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பி நின்றார்.

அம்மா மேடைப் படியில் கால் வைத்தார். படி ஓரத்தில் அண்ணாச்சி நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"அம்மா."

அம்மா நின்றார்.

"தலைக்கனம் எப்படி இருக்கு?"

மேளம் நின்றுவிட்டது. தலைவர் பாய்ந்து வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டார். என் ஆயுசில் அப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. முன்வரிசைக்கு மட்டுமில்லை, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"கொஞ்சம் ஏறித்தான் இருக்கு அண்ணாச்சி. நல்ல நேரத்துல கேட்டிய."