வந்தவர் கேட்ட பெயர்

மாலைச் செபம் முடிந்து இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல ஒரு முனகல்.

பிரகாசி முதலில் தொட்டிலைத்தான் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முனகல் ஏறி ஏறி இரைச்சலானது. பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே ஆள் யாரும் கிடையாது. டிராக்கர் சர்வர் என்று சொல்லப்பட்ட கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

போய்ப் பார்த்தாள். பெட்டியின் ஃபேன் பேய் பிடித்தாற்போல் சுழன்றுகொண்டிருந்தது. திரையில் வரிகள் நிற்காமல் ஓடின. ஒவ்வொரு வரியும் எங்கிருந்தோ உள்ளே வந்த ஒரு ஆள். அவர்கள் தேடியது எதுவும் இந்த இல்லத்துடையது அல்ல.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலையில் இந்தப் பெட்டியில் ஐந்தே ஐந்து பேர்தானே இருந்தார்கள்?

மலைமேல் இருந்த அந்தத் தியான இல்லத்துக்குக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தவள் அவள். இல்லத்தை நடத்திய சிஸ்டர் வியாகுலம் வயதில் அவளுக்கு இளையவர். ஆனாலும் இந்தப் பெட்டி வேலையை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவரே குரு, இவளே சீடப்பெண்.

மலையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான விடுதிகள் ஐந்து இருந்தன. சிஸ்டர் பாடங்களைக் குரலில் பதிந்து அனுப்புவார். ஐந்திலும் நெட் நொண்டியடிக்கும். ஒரு விடுதிக்குப் பாடத்தின் ஒரு துண்டு கிடைக்கும், இன்னொன்றுக்கு வேறொரு துண்டு. அவர்கள் தங்களுக்குள் துண்டுகளைக் கொடுத்து வாங்கி முழுப்பாடமாக்கிக்கொள்வார்கள். பெட்டியில் ஒரு பாடமும் இல்லை. யாரிடம் எது இருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியும். கேட்பவருக்கு வைத்திருப்பவரின் முகவரியைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

"யாருக்கெல்லாம் திறந்து வைக்கணும் சிஸ்டர்?" என்று அன்று கேட்டிருந்தாள்.

"கேட்டு வர்றவங்களுக்கு. யாரையும் வெறுங்கையா அனுப்பக் கூடாது" என்றார் சிஸ்டர்.

இல்லத்தின் வழக்கமும் அதுதான். வாசலில் வந்து நிற்பவருக்குக் கஞ்சி உண்டு. பேர், ஊர் கேட்பதில்லை. அவள் வந்த நாளிலும் கேட்கவில்லை. அந்த நல்ல வழக்கத்தையே பெட்டியிலும் எழுதி வைத்தாள் பிரகாசி: யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் தேடலாம். எழுதி முடித்தபோது மனசு நிறைந்திருந்தது.

இப்போது முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் முகவரியை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது பெட்டி.

அவள் பிளக்கைப் பிடித்தாள்.

"கையை எடுங்க அக்கா" என்றது குரல். சிஸ்டர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"பிடுங்கிடறேன் சிஸ்டர். ஊரே உள்ள வந்துடுச்சு."

"பிடுங்கினா நம்ம பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கண்டுபிடிப்பாங்க? காலையில பரீட்சை."

"நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?"

"ஆமா" என்றார் சிஸ்டர். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அதற்குள் வெளியே பைக் வந்து நின்றது.

"சிஸ்டர்! கேபிள் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்!"

பிரகாசி பிளக்கை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். அவள் கணவனும் அதே தொழில். சமவெளியில் பாதி டவுனுக்கு நெட் கனெக்ஷன் கொடுப்பவன். குழந்தையோடு சேர்த்துத் தொட்டிலை எட்டி உதைத்தவன். எங்கே போனாலும் தேடிப் பிடிப்பேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவன். கம்பி இழுப்பவர்களுக்குள் ஒரு பேர் கைமாற எவ்வளவு நேரம் ஆகும்?

"நான் இங்க இல்லைன்னு சொல்லிடுங்க சிஸ்டர்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப என்ன சொல்வீங்க?"

சிஸ்டர் அடுக்களைக்குப் போய்க் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வீடு பற்றி எரிகிறபோது இவர் பானையைத் தூக்குகிறாரே!

அறைக்கு ஓடி, கதவிடுக்கு வழியே பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், உங்க லைன்ல தேர்த்திருவிழாக் கூட்டம் ஓடுது!" லைன்மேன் ஹெல்மெட்டைக் கழற்றினார். "கீழ டவுன்ல பாதிப் பேருக்கு நெட் படுத்துடுச்சு. எல்லாரும் என்னைத்தான் திட்றான். மடத்துல உக்காந்து திருட்டுப் படமா ஓட்றீங்க?"

"சாப்பிட்டீங்களா?"

"எங்கே சாப்பிட? கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கிட்டு வர்றேன்."

சிஸ்டர் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, ஓரத்தில் துவையல் வைத்துக் கொடுத்தார். லைன்மேன் படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

"சரி, யாரு இதைப் பாக்கறது? பேரும் போன் நம்பரும் சொல்லுங்க."

"இல்லத்தோட பேர் பலகையில இருக்கு. எழுதிக்குங்க. பொறுப்பு என்னோடது."

"அது தெரியும் சிஸ்டர். கை வெச்ச ஆள் யாரு?"

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"ஊத்துங்க." அவர் சிரித்துவிட்டார். "நான் பேரு கேட்டா நீங்க துவையல் வைக்கறீங்க."

"காரம் சரியா இருக்கா?"

"ஜோரா இருக்கு. ஆனா பேரு?"

"அதைக் கொடுக்கறதில்லை."

"நீங்க சொல்லலேன்னா என்ன, எங்க ஆளுங்க குரூப்ல கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. பிரகாசி பாய்ந்து எடுத்து மார்போடு அணைத்தாள். பால் குடிக்கக்கூடத் தெரியாமல் அது திமிறியது.

"சிஸ்டருங்க வீட்ல குழந்தைச் சத்தமா?" லைன்மேன் கிண்ணத்தை இறக்கினார்.

"பசிச்சா அழத்தானே செய்யும்."

"யாரோட குழந்தை?"

சிஸ்டர் பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார். "அடியில கொஞ்சம்தான் இருக்கு. வேணுமா?"

அவர் அழுகை வந்த அறைப் பக்கம் பார்த்தார், சிஸ்டரின் முகத்தையும் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"போதும் சிஸ்டர். வயிறு நிறைஞ்சிடுச்சு. இல்லத்துப் பேரையே எழுதிக்கறேன். இன்னிக்கே கூட்டத்தை மட்டும் குறைச்சிடச் சொல்லுங்க... யாரா இருந்தாலும்."

பைக் சத்தம் வளைவுகளில் இறங்கித் தேய்ந்தது.

பிரகாசி வெளியே வந்தாள். பயம் இறங்கியிருந்தது. ஆனால் குழப்பம் அப்படியே இருந்தது.

"சிஸ்டர், எனக்குப் புரியலை. நீங்களும் அவரோட பேரைக் கேக்கலை. நானும் யார் பேரையும் கேக்கலை. நீங்களும் வந்தவரை விரட்டலை. நானும் விரட்டலை. ஒரே வழக்கத்தைத்தானே ரெண்டு பேரும் செஞ்சோம்?"

"ஆமா."

"நான் செஞ்சா வீடு சந்தையாயிடுச்சு. நீங்க செஞ்சா அவர் கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டுப் போறார். நான் எந்த இடத்துல தப்பு செஞ்சேன்?"

சிஸ்டர் பானையைச் சாய்த்துப் பருக்கைகளைக் கோழிகளின் சட்டியில் வழித்துப் போட்டார்.

"கேட்டு வந்தவரை வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள் பிரகாசி விடாமல். "இன்னிக்கு அனுப்பிட்டீங்களே. அவர் கேட்டது என் பேரை."

சிஸ்டர் காலிப் பானையை அவளிடம் நீட்டினார்.

"பாருங்க அக்கா. இதுல நீங்க இருந்தீங்களா?"

பிரகாசி பானைக்குள் பார்த்தபடி நின்றாள். அதில் இருந்தது கஞ்சி மட்டும்தான்; வந்தவருக்குக் கொடுத்ததும் அதைத்தான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியின் முன் போய் உட்கார்ந்தாள். எழுதியிருந்ததை அழித்தாள். சிஸ்டரின் குரலில் பதிந்த பாடங்கள் தவிர வேறு எதைத் தேடி வந்தாலும் இங்கே பதிவில்லை என்று சொல்ல வைத்தாள். அந்தப் பாடங்களையும் ஐந்து விடுதிகளில் ஒன்று கேட்டால் மட்டும் வழி சொல்ல வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த வரிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் ஐந்து விடுதிகள் மட்டும் மிஞ்சின. அவை ஒன்றையொன்று கண்டுகொண்டு துண்டுகளைக் கைமாற்றத் தொடங்கின. ஃபேன் மூச்சு வாங்கி அடங்கியது.

சிஸ்டர் விளக்கோடு நடையைக் கடந்து போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்த இல்லத்தில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் உண்டு. போடுகிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. போட்டால் தவறாக நினைப்பார்களோ என்று வந்த நாள் முதல் பிரகாசி கதவை வெறுமனே சாத்திவிட்டு, பாதி விழிப்பில் படுத்திருந்தாள்.

குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் எளிதில் நகரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி, உள்ளிருந்து போட்டாள்.