இடது பக்கக் கதவு

“காரு கதவு நல்லாத்தான் இருக்கு சாமி. இவளுக்குத்தான் பொறுமை இல்லை.”

சிவசைலம் இதை வீட்டில் சொன்னார், தெருவில் சொன்னார். இப்போது குருவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அதையே சொன்னார்.

அவர் மனைவி வடிவாம்பாள் உட்காரவில்லை.

“நல்லா இருக்கிற கதவு உள்ளே இருந்து திறக்கணுமா வேண்டாமா? அதைக் கேளுங்க சாமி.”

“வெளியே இருந்து திறக்குதே.”

“நான் என்ன, வெளியேயா உக்காந்திருக்கேன்?”



மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார் குரு. இவர்கள் இருவரையும்விட வயதில் சிறியவர். அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் எப்போதாவது வாயைத் திறந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கென்றே சிலர் இருப்பார்கள்.

சிவசைலம் அப்படித்தான் திரிந்துகொண்டிருந்தார்.

பல மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தம் பழைய காரில் வந்தார். இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். வடிவாம்பாள் இறங்கினாள். வாசலில் நின்ற குரு அதைப் பார்த்தார்.

“மனைவிக்குக் கதவு திறந்து விடுகிறவனுக்கு, மற்றக் கதவுகள் தாமே திறக்கும்.”

இவ்வளவுதான் சொன்னார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது.

அன்றிலிருந்து சிவசைலம் தோளில் துண்டு போட ஆரம்பித்தார்.

“நீங்கதான் ஏத்தி விட்டீங்க,” என்றாள் வடிவாம்பாள் குருவிடம். “உள்ளே கைப்பிடி வேலை செய்யலை. இவரு வந்து திறந்தாத்தான் நான் இறங்க முடியும். அதுக்குப் பேரு பக்தியா?”

“வடிவு. சாமிகிட்ட பேசுதோம்.”

“தெரியுது. அதான் மெதுவாப் பேசுதேன்.”

குரு அவளைப் பார்த்தார். மேலே சொல் என்பதுபோல் இருந்தது.

“தங்கச்சி மக கல்யாணம் சாமி. தாலித் தட்டைச் சபையில ஆசீர்வாதத்துக்கு எடுத்துட்டுப் போக வேண்டியவ நான். பெரியம்மான்னு எனக்குன்னு ஒதுக்கி வச்ச வேலை. மண்டப வாசல்ல வண்டிய நிறுத்தினாரு. இறங்கினாரு. கூட வேலை பார்த்தவரு ஒருத்தரு அங்க நின்னாரு.”

“ரொம்ப நாள் கழிச்சுப் பார்த்தேன்,” என்றார் சிவசைலம்.

“கண்ணாடி நாலு விரல் இறங்கும். அதுக்கு மேல இறங்காது. தட்டினேன். போறவங்க எல்லாம் எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனாங்க. ஹாரன் அடிச்சேன். இவரு திரும்பிப் பார்த்து, இதோ வாரேன்னு கையைக் காட்டினாரு.”

“வந்தேன்ல?”

“கெட்டிமேளம் முடிஞ்ச பிறகு வந்தீங்க.”

சிவசைலம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“இவ நினைச்சிருந்தா டிரைவர் பக்கமா ஏறித் தாண்டி வந்திருக்கலாம் சாமி.”

“பட்டுச் சேலை. மடியில பழத்தட்டு. நடுவுல கியர். என் முழங்காலைப் பத்தி இவருக்குத் தெரியும். நீங்க ஒரு தடவை தாண்டிக் காட்டுங்களேன், பார்ப்போம்.”

“பின் சீட்டு?” என்று கேட்டார் குரு.

அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“பின்னால உக்காந்தா இவரை டிரைவர்னு நினைச்சுருவாங்களாம்.”

குரு சிவசைலத்தின் பக்கம் திரும்பினார்.

“பூட்டைப் பார்த்தீரா?”

“நான் இன்ஜினியர் சாமி. இன்னொருத்தனைக் கை வைக்க விடமாட்டேன். வீட்டிலேயே நானே பார்ப்பேன். ஆனா கதவைப் பிரிக்கணும். பெரிய வேலை. அதுக்கு ஒரு நாள் அமையணும்.”

“வீட்டுல ஸ்பானர் பெட்டி இருக்கு சாமி,” என்றாள் வடிவாம்பாள். “ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் துடைச்சுச் சந்தனப் பொட்டு வைப்பாரு. மறுநாள் பொட்டோட உள்ள போயிரும். இனிமே நான் அந்தக் காருல ஏற மாட்டேன். இங்க வந்ததே பஸ்ஸுலதான். பஸ்ஸுக்குக் கதவே கிடையாது. நிம்மதியா இருந்துது.”

குரு எழுந்தார். செருப்பை மாட்டினார். வாசலுக்குப் போனார்.

கார் வேப்பமர நிழலில் நின்றது. இடது பக்கக் கதவைத் திறந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தாமே கதவைச் சாத்திக்கொண்டார்.

“உம்ம வீட்டுக்குப் போவோம்.”

சிவசைலம் அவசரமாகச் சாவியைத் தேடினார். குரு யார் வீட்டுக்கும் போனதில்லை.

“நீயும் ஏறு வடிவு. பின்னால உக்காரு,” என்றார் மனைவியிடம்.

“நான் பஸ்ஸுல வாரேன்.”

*

அவள் வந்து சேர்ந்தபோது கார் வீட்டு வாசலில் நின்றது. குரு உள்ளேயே இருந்தார். சிவசைலம் வெளியே கைகட்டி நின்றார்.

“என்ன ஆச்சு?”

“இறங்க மாட்டேங்காரு.”

“கதவைத் திறந்தீங்களா?”

“திறந்தேன். மறுபடியும் சாத்திக்கிட்டாரு. நீயாவது சொல்லு.”

வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள். குரு உள்கைப்பிடியை இழுத்தார். அது தொளதொளவென்று ஆடியது. மறுபடியும் இழுத்தார்.

எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“சாமி வந்திருக்காகளா? ஏன் வெளியவே வச்சிருக்கீக?”

சிவசைலம் முகத்தைத் துண்டால் துடைத்தார். ஜன்னலின் நாலு விரல் இடைவெளியில் வாயை வைத்துப் பேசினார்.

“சாமி, தெருவுல பார்க்காங்க.”

“பார்க்கட்டும்.”

“நான் திறந்து விடுதேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“இங்கேயிருந்து திறக்கட்டும். இறங்குகிறேன்.”

“அதுக்குக் கதவைப் பிரிக்கணுமே சாமி.”

குரு கண்ணை மூடிக்கொண்டார்.

வடிவாம்பாள் உள்ளே போய் ஸ்பானர் பெட்டியை எடுத்துவந்து ணங்கென்று வாசலில் வைத்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பல மாதமாகச் சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்துவைத்து வேலை பார்க்கலாம் என்றார் சிவசைலம். குரு கண்ணைத் திறக்கவில்லை. ஆகவே அவர் டிரைவர் பக்கமாக ஏறினார். கியரில் தொடை இடித்தது. வேட்டி மாட்டியது. குருவின் மடிக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“முழங்காலைப் பார்த்து,” என்றாள் வடிவாம்பாள் வெளியிலிருந்து.

முதலில் கைப்பிடித் திருகுகள் வந்தன. பிறகு கண்ணாடி சுற்றும் பிடி வந்தது. கதவின் உள் அட்டையைத் தட்டையான திருப்புளியால் நெம்பினார். அது படக் படக்கென்று விட்டுக்கொடுத்தது. பெரிய வேலை என்று சொன்னாரே, அதில் பெரும்பகுதி அதோடு முடிந்துபோயிற்று.

உள்ளே ஒரு கம்பி தொங்கியது. கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற மெல்லிய கம்பி. அதைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கதவின் அடியில் கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவு.

சிவசைலம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்றாள் வடிவாம்பாள்.

“இதுதான். ஆனா இது கிடைக்கணுமே. பழைய வண்டி. தேடணும்.” அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. “இன்னிக்கு முடியாது சாமி.”

குரு கண்ணைத் திறந்தார். எதிரே முன்பலகையில் சின்னப் பிள்ளையார் இருந்தார். அவர் காலடியில் காய்ந்த பூக்கள் மேடாகக் கிடந்தன. குரு பூக்களை ஒதுக்கினார். அடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது.

“இது என்ன?”

“தெரியலை சாமி. சில மாசமா இருக்கு. எந்தக் கோயில் பிரசாதமோ. பிள்ளையார் காலடியில இருக்கதை எடுக்கக் கூடாதுன்னு, தினமும் அதுக்கும் சேர்த்துப் பூ வைக்கேன்.”

குரு பொட்டலத்தைப் பிரித்தார்.

புதுக் கிளிப்.



“நான்தான் வச்சேன்,” என்றாள் வடிவாம்பாள். “கல்யாணத்துக்கு மறுநாள் வண்டிச் சாமான் கடையில கேட்டேன். இதுதான் உடைஞ்சிருக்கும்னு கொடுத்தாங்க. கையில கொடுத்தா எங்கயாவது போட்டுருவீங்க. பிள்ளையார்கிட்ட வச்சா தினமும் கண்ணுல படும்னு நினைச்சேன்.”

“பட்டுது,” என்றார் சிவசைலம்.

“பட்டுது. கும்பிட்டீங்க.”

“நீ சொல்லியிருக்கலாம்ல?”

“எதைச் சொல்லலை?” அவள் குரல் இப்போது மெதுவாக இல்லை. “பூட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லலையா? இறங்க முடியலைன்னு சொல்லலையா? தாலித் தட்டை யாரோ தூக்கிட்டுப் போனாங்கன்னு அழலையா? பொறுமை இல்லைன்னீங்க. பொறுமை இல்லாதவளா இத்தனை மாசம் பிள்ளையார் காலடியில அதைப் பார்த்துட்டுப் பக்கத்துலயே உக்காந்து வந்தேன்?”

குரு கிளிப்பை நீட்டினார்.

சிவசைலம் வாங்கினார். கம்பியின் முனையில் பொருத்தினார். ‘டக்’ என்றது.

குரு கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

“நான் கொண்டு விடுதேன் சாமி.”

“பஸ் இருக்கிறது.”

வடிவாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

“அன்னைக்கு அத்தனை பேர் முன்னால இவரைப் பத்தி அப்படிச் சொன்னீங்களே சாமி. அதுக்கு என்ன பதில்?”

குரு கொஞ்சம் யோசித்தார்.

“நான் வெளியே இருந்து பார்த்தேன்.”

நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் வேப்பமரத்தடிக்கு வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிலர் பேச்சை நிறுத்தினார்கள். புதிதாக வந்த ஒருவரின் விலாவில் பக்கத்தில் இருந்தவர் இடித்தார்.

“பாருங்க. இப்போ பாருங்க.”

குரு வாசலில் நின்றார்.

சிவசைலம் இறங்கினார். துண்டை இரண்டு தோளிலும் சமமாக இழுத்துவிட்டார். அவசரம் இல்லாமல் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். இடது பக்கம் வந்து, முதுகை லேசாக வளைத்து, கையை நீட்டினார்.

கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. சீட்டில் யாரும் இல்லை.

வடிவாம்பாள் படியேறிக்கொண்டிருந்தாள். கையில் பை. அவள் திரும்பவில்லை.

சிவசைலம் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவின் மேல் வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

“வடிவு. எல்லாரும் பார்க்காங்க. ஒரே ஒரு தடவை உள்ள வந்து உக்காரு. நான் திறந்து விடுதேன்.”