மடுக்கரையில் கிடைத்த பூதப்பல்

மழை பொய்த்த ஒரு காட்டில் ஓடை வற்றிப்போய், மருதமரத்தடி மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அந்த மரத்தில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. யார் பேசினாலும் அதே குரலில் பேசிக் காட்டுவதுதான் அதன் வேலை.

ஒருநாள் நரி ஓடை மணலில் ஒரு பல்லைக் கண்டெடுத்தது. பலாச்சுளை அளவு இருந்தது. கருகருவென்று, ஓரமெல்லாம் ரம்பம் போல. உடனே அதைக் கவ்விப்போய் மடுக்கரையில் போட்டுவிட்டுக் கத்தியது:

"ஐயோ, யாரும் கிட்ட வராதீங்க! மடுவுக்குள்ளே பூதம் இருக்கு. நேத்துதான் பல் விழுந்திருக்கு, பாருங்க! எனக்குப் பழக்கமான பூதம், அதனால என்னை மட்டும் விட்டுடும்."

எல்லா விலங்குகளும் அரண்டு பின்வாங்கின. மான்குட்டி தாகத்தில் சுருண்டு படுத்தது. தாய் முட்டி முட்டி எழுப்பியும் எழவில்லை.

"நேத்துதான் பல் விழுந்திருக்கு!" என்று நரியின் குரலில் சொல்லிச் சிரித்த கரிச்சான், குட்டியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

அப்போது முள்ளம்பன்றி வந்தது. எலும்பு எங்கே கிடந்தாலும் கடித்துப் பார்க்காமல் அது நகராது.

"அந்தப் பல்லைக் கொஞ்சம் கொடு, நரியண்ணே."

"உனக்கு என்ன தெரியும்?"

"எலும்போட ருசி தெரியும்."

நரி இளக்காரமாகப் பல்லை உருட்டிவிட்டது. முள்ளம்பன்றி கடித்தது. கடக்!

"புது எலும்புன்னா நிணம் மணக்கும். பழசுன்னா வாயில பொடியும். இது ரெண்டும் இல்லை. கல்லா இறுகிப்போச்சு!"

"பூதத்துக்குப் பல் அப்படித்தான் இருக்கும்," என்றது நரி.

முள்ளம்பன்றி மல்லுக்கு நிற்கவில்லை. பல்லைக் கவ்விக்கொண்டு, கரையோரப் பாறையை முகர்ந்தபடி நடந்தது. கரிச்சான் கிளைக்குக் கிளை தாவிப் பின்தொடர்ந்தது. மருதமர வேருக்குக் கீழே, பாறையில் ஒரு குழி. அதில் பல்லை வைத்தது. அச்சாகப் பொருந்தியது! சுற்றிலும் சிப்பிகள், அவையும் கல்லாகியிருந்தன.

"இங்கேயிருந்துதான் உதிர்ந்திருக்கு. சிப்பிகளோட வாழ்ந்த ஏதோ பெரிய மீனு. பாறைக்கு மேலேதானே வேர் ஓடுது? அப்போ இந்த மரம் முளைக்கிறதுக்கு முன்னாடியே அது செத்துப்போச்சு. இனி யாரைக் கடிக்கப்போகுது?"

"அம்மாடி! பல்லே இவ்வளவுன்னா வாய் எவ்வளவு இருந்திருக்கும்!" என்று வாயைப் பிளந்தது, பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த காட்டெருமை.

"அதைக் கண்டுபிடிச்ச நம்ம முள்ளம்பன்றி அக்காவோட மூக்கைப் பாருங்க!" என்றது கரிச்சான், முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில்.

தாய்மான் தாங்கி வர, குட்டிதான் முதலில் குடித்தது. எல்லோரும் குடித்து முடித்த பிறகு நரி தயங்கித் தயங்கி வந்து குனிந்தது. மேலேயிருந்து அதன் குரலே கேட்டது:

"நேத்துதான் பல் விழுந்திருக்கு, பாருங்க!"

நீதி: மிரட்டும் சொல்லுக்கு நடுங்குமுன், காட்டும் பொருளைச் சோதித்துப் பார்.