கழற்றும் முன் சொல்ல வேண்டியது

"டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா ஓட மாட்டேங்குது. இது என்னம்மா நியாயம்?"

வயிரவன் சார் இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளையும் மேசைமேல் தொப்பென்று வைத்தார். ஒன்று அவருடைய சொந்தப் பெட்டி, பழையது. இன்னொன்று அவர் தலைமை ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்துடையது, புதியது.

ஜுலைகா நிமிர்ந்து பார்த்தாள். அறந்தாங்கியில் பழுதுபார்க்கும் கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நியாயம் கேட்டு வருகிறவர்கள் அவளுக்குப் புதிதில்லை.

"என்ன பண்ணீங்க சார்?"

"பழசுலேருந்து டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல மாட்டுனேன். அதே டிஸ்க். அதே விண்டோஸ். காரைக்குடியில ஏழு வருஷம் ஒருநாள் மக்கர் பண்ணதில்ல. இப்ப ஆன் பண்ணா நீலமா ஒரு திரை வருது, அணையுது. மறுபடி வருது, அணையுது. நாலு நாளா இதே கூத்து!"

"புதுசுல ஏற்கெனவே ஒரு டிஸ்க் இருந்திருக்குமே?"

"கழட்டி அலமாரியில போட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"யார் பார்த்தா?"

ஜுலைகா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"சீக்கிரம் பண்ணும்மா. அதுல ஒரு கடிதம் இருக்கு. நாலு மணிக்குள்ள கல்வி ஆபீஸ்ல கொடுக்கணும். விருப்ப ஓய்வு கேட்டு எழுதுனது."

அவருக்கு இன்னும் ஆறு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. அந்தப் பள்ளியில் அவரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள்.

"ஏன் சார்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"ஏனா? மூணு மாசத்துக்கு முன்னாடி என்னைக் கடலோரத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க. ஒன்பது மணிக்கு மணி அடிச்சா எட்டுப் பேர் நிக்குது. மிச்சமெல்லாம் பத்து மணிக்கு மேல ஈரக்காலோட, கையில மீன் செதிலோட வருதுங்க. ஏன்டான்னா, படகு வந்துச்சு சார். எது கேட்டாலும் படகு வந்துச்சு சார்! காரைக்குடியில என் மணிச்சத்தம் கேட்டா தெருவே ஓடும். இங்கயும் அதே மணி, அதே பாடம், அதே அதட்டல். ஒருத்தன் அசையல!"

"அப்புறம்?"

"போன வாரம் கேட்டைப் பூட்டிட்டேன். நாற்பது பிள்ளைங்க வெளியில நின்னுச்சுங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கரைக்கே திரும்பிப் போயிடுச்சுங்க. அதுல இருபது பேர் அப்புறம் வரவே இல்ல. அதுக்கும் நான்தான் காரணமாம். நல்லா இருக்கே கதை!"

அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த இருபது பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை.

ஜுலைகா டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே மாட்டி, சுவிட்சைப் போட்டாள். ஓடியது. திரையில் ஒரு படம். காரைக்குடிப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசை பிசகாமல் நின்றார்கள்.

"பார்த்தியா! டிஸ்க் நல்லா இருக்கு. அந்தப் புதுப் பெட்டிதான் தண்டம்."

எந்தப் பெட்டியிலும் ஓடும் தன் சோதனை டிஸ்க் ஒன்றை எடுத்து அவள் புதுப் பெட்டியில் மாட்டினாள். அதுவும் ஓடியது.

"பெட்டியும் நல்லாத்தான் இருக்கு சார்."

"ரெண்டும் நல்லது, ஆனா சேர்த்தா ஓடாதா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"பழசுலயே திரும்ப மாட்டிப் பார்த்திருக்கலாமே நீங்க?"

"தோத்துட்டேன்னு ஒத்துக்கச் சொல்றியா?"

"சரி சார். கடிதம் இதோ இருக்கு. பிரின்ட் எடுத்துத் தரட்டுமா?"

"எடு." அவள் பிரின்டரை நோக்கி எழுந்ததும் தடுத்தார். "நில்லு. முதல்ல பதிலைச் சொல்லு. ஏன் ஓடல?"

இருபத்தொன்பது வருடம் பதில் சொல்லியே பழகிய மனிதர். பதில் தெரியாமல் ஒரு கடையை விட்டு இறங்க அவரால் முடியாது.

"இந்த விண்டோஸ் ஏழு வருஷம் உங்க பழைய பெட்டியோட மதர்போர்டுல, அந்த ஒரே போர்டுல இருந்துச்சு. புதுப் பெட்டியில கண்ணைத் தொறந்ததும் அந்தப் போர்டைத் தேடுது. காணோம்னதும் மயங்கி விழுந்துடுது. சுத்தி என்ன இருக்குன்னு பார்க்குறதே இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

இப்போது ஜுலைகாவுக்குக் கோபம் வந்தது.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும் சார். பழைய போர்டை விட்டுடு, போற இடத்துல என்ன இருக்குன்னு கேட்டுக்கோன்னு சொல்லணும். அதை ஒருத்தரும் சொல்றதில்ல. வெடுக்குன்னு பிடுங்கி வேற எதுலயோ சொருகிட்டு, எங்கிட்ட வந்து நியாயம் கேக்குறீங்க!"

வயிரவன் சார் பழைய பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் பழைய பெட்டியின் முன் உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் கட்டளையைத் தட்டினாள்.

"என் பாடமெல்லாம் போயிடுமா? ஏழு வருஷமா சேர்த்தது."

"ஒண்ணும் போகாது. அந்தப் போர்டு நெனப்பு மட்டும்தான் போகும்."

இருபது நிமிடம் ஆயிற்று. டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

நீலத் திரை வரவில்லை. மூலையில் சின்னதாக ஒரு வரி வந்தது. போயிற்று. இன்னொன்று வந்தது.

"என்னது இது?"

"ஒவ்வொண்ணா விசாரிக்குது. கீபோர்டு எது, மவுஸ் எது, சத்தம் எதுலேருந்து வருதுன்னு."

"எவ்வளவு நேரம் விசாரிக்கும்?"

"எல்லாம் தெரியுற வரைக்கும்."

அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் வந்துகொண்டிருந்தன. அவர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் அந்த மைதானத்துப் படம் வந்தது. ஜுலைகா கடிதத்தைத் திறந்தாள். பிரின்டரில் தாள் வைத்தாள்.

"மணி மூணே கால் சார். எடுக்கட்டுமா?"

மூன்று பக்கக் கடிதம். அவர் குனிந்து முதல் வரியைப் படித்தார். 'தினமும் சரியாக ஒன்பது மணிக்கு நான் மணி அடித்தும்' என்று ஆரம்பித்திருந்தது.

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

"ஏம்மா, படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அறந்தாங்கி. உங்க பிள்ளைங்களைக் கேளுங்க."