ஓட்டை வட்டிலும் பழசு நாகலிங்கமும்

கேட்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இது கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்கிற கதை இல்லை. சொல்லத் தொடங்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கேட்டு முடிக்கும்போது உங்களுக்கும் எரிய வேண்டும்.

ராஜாக்களுக்குச் சண்டை அலுத்துப்போய், பழைய பொருள் சேர்க்கும் பித்துப் பிடித்திருந்த காலம் அது. அப்படி ஒரு ராஜா இருந்தார். அதற்கென்றே ஒரு மண்டபம் கட்டினார். பழைய வாள், பழைய விளக்கு, பழைய செம்பு என்று வரிசையாக வைத்தார். ஒன்றையும் எடுத்துப் புழங்க மாட்டார். காலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார், "ஆகா" என்பார், சாப்பிடப் போய்விடுவார்.

அவருக்குப் பழம்பொருள் கொண்டுவந்து விற்கிறவன் பெயர் நாகலிங்கம். ஊர் வைத்த பெயர் பழசு நாகலிங்கம். வண்டி நிறையப் புதுப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். "பழசுக்குப் புதுசு தாயி, பழசுக்குப் புதுசு!" என்று கூவுவான். அவனுக்கு நாக்கு இரண்டு. வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று.

ஒரு நாள் அவன் வண்டி கூழைமடை என்ற ஊருக்குள் நுழைந்தது. பாழாய்ப்போன வண்டி, வழியில் அச்சு முறிந்திருக்கக் கூடாதா!

முதல் வீட்டில் ஒரு வெண்கல விளக்கு இருந்தது. "அடடா, தண்டு சாய்ஞ்சிருக்கே, சாய்ஞ்ச விளக்கு வீட்டுக்கு ஆகாதே" என்றான். வாங்கி வண்டியில் போட்டான்.

இரண்டாம் வீட்டில் ஒரு வெற்றிலைப் பெட்டி இருந்தது. "மூடி சேரலையே தாயி, வெத்திலை வாடிப்போகுமே" என்றான். வாங்கி வண்டியில் போட்டான்.

மூன்றாம் வீடு சடையன் வீடு.

சடையன் அந்த ஊரின் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கு பிரித்து விடுகிற வேலை அவனுக்கு. அதற்கு ஊர் அவன் கையில் ஒரு வெண்கல வட்டிலைக் கொடுத்திருந்தது. அதன் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. மதகடித் தொட்டியில் அதை மிதக்கவிட்டால், ஓட்டை வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி வட்டில் மூழ்கும். மூன்று தடவை மூழ்கினால் ஒரு வயலின் முறை முடிந்தது, மடை அடுத்த வயலுக்குத் திரும்பும். பெரிய கை, சின்னக் கை, மேல்வயல், கடைமடை, எல்லாருக்கும் மூன்று மூழ்கல்தான். பாட்டன் பூட்டன் காலம் தொட்டு அந்த ஓட்டை சொன்னதுதான் ஊருக்கு நியாயம்.

"என்னய்யா, ஓட்டைக் கிண்ணத்தைப் போய் வச்சிருக்கே!" என்று சிரித்தான் நாகலிங்கம். வாங்கித் திருப்பிப் பார்த்தான். விளிம்பைச் சுற்றி அன்னங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. அவன் கண் விரிந்தது. சட்டென்று சுருக்கிக்கொண்டான்.

"தண்ணி அளக்கிற வட்டிலுய்யா அது, ஓட்டை இல்லாம முடியாது" என்றான் சடையன்.

"அவ்வளவுதானே? இதே அளவுல புதுசு தரேன். ஓட்டையும் போட்டுத் தரேன். போதாததுக்கு ஒரு குடம் இனாம்."

குடம் வெயிலில் பளபளத்தது. சடையன் பல்லைக் காட்டினான். நாகலிங்கம் புது வட்டிலில் உளியை வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். ஓட்டை விழுந்தது. எத்தனை பெரிய ஓட்டை? அதை யார் பார்த்தார்கள்? சடையனின் கண் குடத்தின்மேல் இருந்தது.

சடையனின் மனைவி பேச்சி அப்போது கடைமடையில் வரப்பு அடைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் முடிகிற இடம் கடைமடை. ஒன்பது வீட்டுக்காரர்களின் வயல் அங்கே இருந்தது, பேச்சியின் வயலும் சேர்த்து. மதகிலிருந்து தண்ணீர் அங்கே நடந்து வரவே ஒரு மூழ்கல் நேரம் ஆகும். மீதி இரண்டு மூழ்கலில்தான் வயல் நனையும். பயிர் சூல் கட்டியிருந்தது. இப்போது தண்ணீர் தப்பினால் வருஷம் பூராவும் பட்டினி.

முதல் முறை வந்தது. தண்ணீர் வரப்பைத் தொட்டதும் நின்றுவிட்டது. ஏதோ அடைப்பு என்று பேச்சி நினைத்தாள்.

இரண்டாம் முறை வந்தது. வாய்க்கால் மண் மட்டும் ஈரமானது. பேச்சி பல்லைக் கடித்தாள்.

மூன்றாம் முறை வந்தது. வயல் பாளம் பாளமாக வெடித்தது. பேச்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டு மதகுக்கு ஓடினாள்.

தொட்டியில் ஒரு புது வட்டில் மிதந்தது. அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அது குபுக்கென்று மூழ்கியது.

"என்னய்யா இது?"

"புது வட்டில் பேச்சி. அளவு ஒண்ணுதான், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் வாங்கினேன்."

"அளவு கிண்ணத்துலயா இருக்கு? ஓட்டையிலல்ல இருக்கு! ஊர் உசுரைத் தூக்கிக் கொடுத்துட்டுக் குடம் வாங்கினியா? உன் மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?"

இனாமாக வந்த அந்தக் குடத்தைத் தூக்கி மதகுக் கல்லில் அடித்தாள். அது அப்பளமாக நசுங்கியது. சடையன் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். போகாவிட்டால் அவனும் நசுங்கியிருப்பான்.

மேல்வயல்காரர்களிடம் போய் முறையிட்டாள். மதகு அவர்களுக்குப் பக்கம், முறையும் இப்போது சீக்கிரம் சீக்கிரமாகச் சுற்றி வந்தது, அதனால் அவர்கள் வயலிலோ தண்ணீர் வரப்பு வழிந்து நின்றது. "வழக்கம் மூணு மூழ்கல், மூணு விட்டாச்சு. பழைய வட்டில் இருந்தாக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வயல் காய்கிறதே என்று ஒருத்தனுக்காவது உறைத்ததா? இல்லை.

பேச்சி அரை நாள் நடந்து தலைநகரத்துக்குப் போனாள். விசாரித்துக்கொண்டு, அங்கே இருந்த நாகலிங்கத்தின் கடை வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, எங்க ஊர் வட்டிலைக் கொடுத்துடுங்க" என்றாள். "எந்த வட்டில்? நான் ஓட்டைப் பாத்திரத்தைக் கையாலயும் தொட மாட்டேனே" என்றான் அவன்.

"யோவ், நான் ஓட்டைன்னு சொல்லவே இல்லையே" என்றாள். "சரி, வாங்கினது வாங்கியாச்சு, வித்தது வித்தாச்சு. அது இப்ப ராஜா மண்டபத்துல இருக்கு" என்றான்.

"ஒன்பது குடும்பத்துச் சோறுய்யா அது!" என்று கத்தினாள். "உன் பேரு வெட்டியிருக்கா அதுல? போ போ, வியாபார நேரத்துல வாசல்ல நின்னு அழாதே" என்றான்.

பேச்சி அழவில்லை. நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

அன்று ராஜா குறை கேட்கிற நாள். பழம்பொருள் மண்டபத்தில்தான் சபை கூடியிருந்தது. வட்டில் சபைக்கு வந்தது, நாகலிங்கமும் வந்தான். இப்போது விற்கிற நாக்கு பேசியது.

"மகாராஜா, இது அந்தக் காலத்து ராணியம்மா பால் குடிச்ச வட்டில். அவங்க உதடு பட்டு எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்தேன். என் கையால ஒரு கீறல் விழுந்ததில்லை."

"பச்சைப் பொய்!" என்றாள் பேச்சி. "அதுல ஓட்டை இருக்கு. தண்ணியில விட்டுப் பாருங்க, மூழ்கும்."

அண்டாவில் தண்ணீர் வந்தது. வட்டிலை விட்டார்கள். சபை எட்டிப் பார்த்தது.

வட்டில் மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு சபையே சிரித்தது. "ஏ பொம்பள, அரண்மனைப் பொருளுக்கே ஆசைப்பட்டியா?" என்று நாகலிங்கம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பேச்சிக்கு ஊரில் வெடித்துக் கிடக்கும் வயல் கண்ணுக்குள் வந்தது. காவல்காரன் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு வட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். எத்தனை வருஷம் தேய்த்துக் கழுவிய பாத்திரம்! கட்டைவிரலால் அடியைத் தடவினாள். துளை தட்டுப்பட வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டுத் தட்டுப்பட்டது.

"புளி கொண்டு வாங்க!" என்றாள். அவள் போட்ட அதட்டலில் ராஜாவே "கொண்டு வா, கொண்டு வா" என்றார்.

புளியை வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். வெண்கலம் மஞ்சளாகப் பளிச்சிட்டது. நடுவில் ஒரு புள்ளி மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது.

"ஈயம்! அடைச்சிருக்கான் பாவி! எங்க தண்ணியையே அடைச்சிருக்கான்!"

நாகலிங்கம் முந்திக்கொண்டு பேச வந்தான். அவசரத்தில் இரண்டு நாக்கும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. "அடைக்காம? ஓட்டைக் கிண்ணத்தை எந்த ராஜா வாங்குவாரு? நான் அடைச்சதாலதானே அதுக்கு விலையே..." என்றவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒரு கீறல்கூடப் போடவில்லை என்றாயே" என்றார் ராஜா. "அப்படியானால் உன் ராணி ஓட்டை வட்டிலிலா பால் குடித்தாள்?"

பாத்திர வேலை செய்கிற அரண்மனைக் கன்னான் வந்தான். சூடு காட்டினான். ஈயம் உருகிச் சொட்டி விழுந்தது, வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வட்டிலைத் தண்ணீரில் விட்டார்கள்.

"இது மூழ்கறதுக்குள்ள எங்க மதகுத் தண்ணி கடைமடைக்கு நடந்துடும்" என்றாள் பேச்சி. "நின்னு பாருங்க."

சபை நின்று பார்த்தது. ராஜா நெளிந்தார். மந்திரிக்குக் கால் வலித்தது. வட்டில் அவசரப்படவில்லை. கடைசியில் சத்தமில்லாமல் உள்ளே போனது.

ராஜாவுக்கு அப்போதுதான் அந்தப் பொருள்மேல் உண்மையான ஆசை வந்தது. "என்ன அற்புதம்! பெண்ணே, இதை எனக்கே கொடுத்துவிடு. என்ன விலை கேட்கிறாய்?" என்றார்.

பேச்சிக்கு வந்ததே ஒரு கோபம்!

"விலையா? நீங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கறதாலதானே ராஜா இவன் வாய் கூசாம ஏமாத்தறான்! எந்த வீட்டுதுன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? எதுக்கு ஆகும்னு கேட்டிருப்பீங்களா? கொடுத்தவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டிருப்பீங்களா? அந்தா நிக்குது பாருங்க, சாய்ஞ்ச விளக்கு, அது எங்க தெருவுல ஒரு வீட்டு விளக்கு. அந்தா இருக்கு பாருங்க, மூடி சேராத பெட்டி, அது எதிர் வீட்டுப் பெட்டி. இது மண்டபம் இல்ல ராஜா. எங்க வீடுங்களோட வயித்தெரிச்சலை வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்க!"

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டிய தலைதான்.

விளக்கும் பெட்டியும் வட்டிலும் அன்றே ஊருக்குத் திரும்பின. நாகலிங்கத்துக்கு ராஜா ஒரு தண்டனை கொடுத்தார். அறுப்பு முடிகிறவரை அவன் விற்கிற அதே புதுக் குடங்களில் ஏரித் தண்ணீரைச் சுமந்து கடைமடை வயல்களுக்கு ஊற்ற வேண்டும். சுமந்தான். தோல் உரியச் சுமந்தான். பேச்சி ஒரு நாளும் அவனைப் பார்த்து இரக்கப்படவில்லை, நானும் படவில்லை.

பழைய வட்டில் மதகடியில் மறுபடி மிதந்தது. மூன்று மூழ்கலும் முழுசாக நடந்து, கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஆறு வயல் பிழைத்தது. மூன்று வயல் கருகினது கருகினதுதான். எத்தனை குடம் ஊற்றினாலும் செத்த பயிர் எழுந்திருக்குமா?

அந்த மூன்றில் ஒன்று பேச்சியின் வயல்.

கேட்டீர்களா? இதுதான் இந்தக் கதை சொல்லும் நீதி: ஒரு பொருள் யாருக்கு எதற்கு உதவுகிறது என்பதை மறைத்து விற்கிறவன் மட்டுமல்ல, அதைக் கேட்காமல் வாங்குகிறவனும் அடுத்தவர் சோற்றில் மண்ணைத்தான் போடுகிறான்.